வீதியைப் பார்த்து நிற்கும் வீடு

எங்கள் வீட்டின் பக்கச் சுவரோரமாக ஒரு பழைய வண்டி நிற்கிறது. 1984-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. நீளம் நாலரை மீற்றரைச் சற்றே தாண்டும். அகலம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. அதற்குள் மடித்து விரிக்கும் படுக்கை ஒன்று, இரட்டை எரிவாயு அடுப்பு ஒன்று, பாத்திரம் கழுவும் சிறு தொட்டி ஒன்று, குளிர்சாதனப் பெட்டி ஒன்று, சில அலமாரிகள் ஆகியன உள்ளன. கூரையை மேலே தள்ளிவிட்டால் கித்தான் சுவர்களோடு இன்னுமொரு படுக்கை உருவாகும். ஜேர்மானியர் இத்தகைய ஊர்தியை 'வோண்மோபில்' என்பர். குடியிருக்கும் வண்டி என்பது அதன் பொருள்.

இதனை வாங்கிய கதையையும், செப்பனிட்ட கதையையும், இதிலேறிச் சென்ற வழிகளையும் எழுதுமாறு நண்பர்கள் சிலர் கேட்டதுண்டு. எழுத அமரும்போதெல்லாம் அக்காவின் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கும். அந்தக் கேள்வியை மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையன்று என்று தள்ளிப்போட்டு வந்தோம். அதற்கு முழுமையான விடை கிடைத்துவிட்டது என்று இப்போதும் சொல்லமாட்டோம். ஆயினும் கேள்வியையும் கதையையும் சேர்த்தே சொல்லும் துணிவு இப்போது வந்திருக்கிறது.

வண்டியை 2011-ஆம் ஆண்டில் 3,500 யூரோ கொடுத்து வாங்கினோம். ஒரு கையில் பையும் மறுகையில் விண்ணப்பப் படிவமுமாக இந்த நாட்டுக்கு வந்த எங்களுக்கு, விடுமுறை என்றாலே உறவினர் வீடு என்றுதான் பொருள். பாரிசில் ஒரு சித்தப்பா, இலண்டனில் ஒரு மச்சாள் என்று கல்யாணம், சாமத்தியம், செத்தவீடு ஆகியவற்றுக்குப் போய்வருவோம். ஆற்றங்கரையில் சும்மா இருப்பதற்காக ஒரு பயணம் போகலாம் என்பது எங்கள் எண்ணத்தில் எழுந்ததே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியே போன பின்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வரும் வழியில், 'விற்பனைக்கு' என்ற அட்டையோடு நின்ற இந்த வண்டியைக் கண்டோம். கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தோம். முழங்கால்கள் முட்டிக்கொண்டன. இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புத்தான் வாங்கவைத்தது.

அன்று மாலை அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் எங்களில் ஒருவருக்கு உடன்பிறப்பு, மற்றவருக்கு மைத்துனி. ஆயினும் இருவருக்கும் அக்காதான். வன்னியில் பலமுறை இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010-ஆம் ஆண்டு கிளிநொச்சிப் பக்கம் மீளக் குடியமர்ந்து, அப்போது தகரக் கொட்டிலொன்றில் இருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

"உங்களுக்கு விசரே? இருக்கிற வீட்டை விட்டிட்டு ஆராவது வண்டிக்குள்ள போய்ப் படுப்பினமே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாங்கள் விதியெண்டு செய்ததை நீங்கள் விளையாட்டாச் செய்யப் போறியளோ?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதேனும் விடை சொல்லியிருப்போம். அவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். பணம் முன்னரே கைமாறியிருந்தது. அக்கேள்வியோடேயே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வந்த வண்டி வெளிப்பார்வைக்கு அழகாயிருந்தது. புதிதாக வெண்ணிறமும் பச்சையும் பூசப்பட்டிருந்தது. முதல் மழைக்குப் பின்னர் கதவின் கீழே ஒரு கொப்புளம் தோன்றியது. திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினோம். நல்ல இரும்பு தட்டினால் மணிபோல் ஒலிக்கும். துருப்பிடித்த இரும்பு மண்போல் ஒலிக்கும். அது மண்ணாய் ஒலித்தது. புட்டியைச் சுரண்ட, அடியில் கைவிரல் நுழையும் ஓட்டை. விற்றவர் துருவைக் களையாமல் அதன்மேல் புட்டி தடவி நிறம் அடித்திருந்தார். குளிர்காலத்தில் இந்நாட்டு வீதிகளிற் பனி உருகுவதற்காக உப்புத் தூவுவார்கள். அவ்வுப்புநீர் தகடுகள் இணையும் மடிப்புகளுக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்காய் அரித்துக்கொண்டே இருக்கும். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறியதன் பொருள் அன்று முற்றத்தில் முழந்தாளிட்டிருந்தபோது எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது.

இரண்டு குளிர்காலம் அவ்வேலையிற் சென்றது. துருவை வெட்டுவதில் ஒரு விதி உண்டு. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டவேண்டும். 'இவ்வளவு போதும்' என்று இரக்கப்பட்டு நிறுத்தினால், ஒட்டவைத்த புதுத்தகட்டின் ஓரத்திலேயே அடுத்த ஆண்டு மீண்டும் கொப்புளிக்கும். உள்ளங்கையளவு ஓட்டை என்று தொடங்கியது முழங்கையளவாகும். பார்க்க மனம் பதறும். ஆனால் உறுதியான விளிம்பு கிடைத்த பின்னரே ஒட்டுவேலை தொடங்கமுடியும். தகட்டொட்டு வேலைக்குத் தெரிந்த ஒருவரை அமர்த்தினோம். சுரண்டுவதும் தேய்ப்பதும் எங்கள் பங்கு. எங்களில் ஒருவர் வண்டியின் அடியிற் படுத்திருக்க, மற்றவர் கைவிளக்குப் பிடிப்பார். உள்ளறைகளுக்குள் உருக்கிய மெழுகைத் தெளித்து முடித்தபோது, கோயிலிற் பாஸ்கா மெழுகுதிரி ஏற்றியதுபோல் முற்றமெல்லாம் மணந்தது.

கூரைக் கித்தான் இற்றுப்போயிருந்தது. புதியது வாங்கலாம், விலை அதிகம். அளவெடுத்து, கித்தான் வாங்கி, வீட்டிலேயே தைக்க முற்பட்டோம். சட்டை தைக்கும் இயந்திரம் முதல் மடிப்பிலேயே ஊசியை முறித்துக்கொண்டது. மெழுகிட்ட நூலும் தடித்த ஊசியும் கொண்டு கையாலேயே தைத்தோம். விரல் நுனிகள் வெடித்தன. திருத்தூதர் பவுல் கூடாரம் செய்பவராய் இருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலிற் பலமுறை வாசித்திருக்கிறோம். கொரிந்தில் அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு சேர்ந்து அவர் அத்தொழிலைச் செய்தார். அவ்விருவரும் உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. அதை அதுவரை நாங்கள் கவனித்ததில்லை. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு கணவனும் மனைவியும் பிறருக்குக் கூடாரம் தைத்துப் பிழைத்தார்கள். திருத்தூதர் அவர்கள் வீட்டிற் தங்கினார். விரல் வெடித்த பின்னர்தான் அந்த வசனம் கண்ணிற் பட்டது.

எரிவாயுக் குழாய்கள் முழுவதையும் மாற்றினோம். இந்நாட்டில் இத்தகைய வண்டிகளின் எரிவாயு இணைப்பை இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிப்பார்கள். இறப்பர்க் குழாயின்மேல் அது செய்யப்பட்ட ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், பத்தாண்டானால் அதை எறிந்துவிடவேண்டும். குளிர்சாதனப் பெட்டி எங்களை வியக்கவைத்தது. அதில் சுழலும் பொறி எதுவும் இல்லை. சிறு நெருப்பொன்று அடியில் எரிய, அச்சூட்டினால் அமோனியா ஆவியாகி, குளிர்ந்து, மீண்டும் நீரிற் கரைந்து சுற்றிவரும். அச்சுற்றே பெட்டிக்குள் குளிரைத் தரும். நெருப்பிலிருந்து குளிர் பிறக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி சமதரையில் நிற்கவேண்டும். சாய்ந்து நின்றால் நெருப்பு எரியும், குளிர் வராது. வந்த இடத்தில் முதல் வேலையாகச் சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்துச் சமன் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

2014-ஆம் ஆண்டு வண்டிக்கு முப்பது வயது நிறைந்தது. முப்பதாண்டு கடந்து, தன் இயல்பு கெடாமல் பேணப்பட்ட ஊர்திகளுக்கு ஜேர்மன் அரசு 1997-ஆம் ஆண்டு முதல் தனியான எண்தகடு வழங்குகிறது. எண்ணின் கடைசியில் 'எச்' என்னும் எழுத்து இருக்கும்; வரலாற்றுப் பெறுமதி உடையது என்பது அதன் கருத்து. ஆண்டுவரி ஏறத்தாழ 192 யூரோ. சோதனை அதிகாரி கூரையை உயர்த்தி, கையால் இட்ட தையலைத் தடவிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தினார். எங்களுக்கு அகதி அந்தஸ்து கிடைத்த நாளில் இருந்த மகிழ்ச்சிக்கு அடுத்தபடியான மகிழ்ச்சி அது என்று சொன்னால் வாசகர் சிரிக்கக்கூடும்.

அவ்வாண்டுக் கோடையில் முதல் நெடும்பயணம் புறப்பட்டோம். டீசல் எஞ்சின்; 50 குதிரைவலு மட்டுமே. சாவியைத் திருப்பியவுடன் புறப்பட முடியாது. சிறு விளக்கொன்று எரியும். உள்ளே சூடேறி அது அணையும்வரை பொறுத்திருக்கவேண்டும். அந்தச் சில நொடிகளில் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளப் பழகினோம். மோசல் ஆற்றோரமாக, திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே திரியர் நகர்வரை சென்றோம். அங்கே திருத்தூதர் மத்தியாவின் கல்லறை இருக்கிறது. யூதாசின் இடத்தை நிரப்பச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொள்ளப்பட்டவர் அவர். வெற்றிடமொன்றை நிரப்ப வந்தவரின் கல்லறையருகே, இடம்மாறி வந்தவர்களாகிய நாங்கள் செபமாலை சொன்னோம்.

இரவில் ஆற்றங்கரையிற் தங்கினோம். ஐம்பது லீற்றர் அளவு நீர் பிடிக்கும் தொட்டி எங்களிருவருக்கும் மூன்று நாட்கள் போதியிருந்தது. வீட்டில் இருக்கும்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றருக்கு மேல் செலவாகிறது என்பது இந்நாட்டுச் சராசரி. ஒரு கோப்பை நீரிற் பல் விளக்கி, ஒரு சட்டி நீரிற் பாத்திரம் கழுவி, கழுவிய நீர் எங்கே போகிறது என்றும் அறிந்திருந்தோம். கைநீட்டினால் எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தன. எட்டாதது எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் இல்வாழ்வில் அத்தனை இலேசாக இருந்த நாட்கள் சிலவே. அந்த மகிழ்ச்சியின் நடுவிலும் அக்காவின் கேள்வி ஒரு தடவை வந்துபோனது. முகாமில் நீருக்காக வரிசையில் நின்றதை அவர் சொன்னதுண்டு. அங்கே ஒரு வாளி நீர் பற்றாமை. இங்கே அதுவே விடுமுறை.

திரும்பும் வழியில் ஐபெல் மலைப்பகுதியின் ஏற்றமொன்றில் வண்டி ஆவி கக்கியது. பிழை எங்களுடையது. 'பார்க்க நன்றாய்த்தானே இருக்கிறது' என்று மாற்றாமல் விட்ட பழைய இறப்பர்க் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. அருகிலிருந்த பண்ணையிலிருந்து முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். தம் களஞ்சியத்திற் தேடி அளவொத்த குழாயும் இறுக்கும் வளையமும் கொண்டுவந்தார். நீர் நிரப்பியும் சூடு இறங்கவில்லை. இவ்வகை வண்டியில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, நீரைக் குளிர்விக்கும் றேடியேற்றர் முன்னால் இருக்கிறது. இடையே நீண்ட குழாய்கள். அவற்றுள் காற்று அடைபட்டுவிட்டால் நீர் நிறைந்திருந்தும் ஓடாது. முன்புறத்தை உயர்த்தி, மேலேயுள்ள சிறு திருகைத் தளர்த்தி, காற்று முழுவதும் சீறி வெளியேறும்வரை காத்திருக்கவேண்டும். பெரியவரின் மரப்பலகைகள்மேல் வண்டியை ஏற்றி அப்படியே செய்தோம். இரவாகிவிட்டது. தம் முற்றத்திலேயே தங்குமாறு சொன்னார்.

இரவுணவின்போது நாங்கள் எந்த நாட்டவர் என்று கேட்டார். சொன்னோம். ஏன் வந்தோம் என்று கேட்டார். அதையும் சொன்னோம். அவர் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தபடி, தாம் ஏழு வயதிலே வண்டியொன்றில் இருந்ததாகச் சொன்னார். 1945-ஆம் ஆண்டுக் குளிர்காலம், சிலேசியாவிலிருந்து மேற்கு நோக்கி, குதிரை வண்டி, அதன்மேல் வீட்டுக் கம்பளத்தைக் கட்டிக் கூரையாக்கியிருந்தார் தாய். பல வாரங்கள் அதற்குள் இருந்தார்கள். "அப்படியானால் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை" என்று முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினார்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் கிழக்குப் பகுதிகளிலிருந்து ஓடியும் துரத்தப்பட்டும் வந்த ஜேர்மானியர் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள்தான் எங்கள் வண்டியின் குலமும் தோன்றியது. பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் 1947-ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் குறிப்பேட்டில், பின்னால் எஞ்சின் வைத்த பெட்டிபோன்ற ஊர்தியொன்றைக் கீறினார். 1950-ஆம் ஆண்டு மார்ச்சில் வொல்க்ஸ்வாகன் அதைத் தொடர்ந்து செய்யத் தொடங்கியது. 1951-ஆம் ஆண்டில் வெஸ்ற்பாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விடுமுறைக்கு உகந்ததாக்கியது. குதிரை வண்டியிலே உறைந்த குழந்தைகள் வளர்ந்து, பிள்ளைகுட்டிகளோடு இந்த வண்டியிலேறிக் கடற்கரைக்குப் போனார்கள். வண்டிக்குள் உறங்குவதை விளையாட்டாக்கியவர்கள் அதனை விதியாய் அறியாதவர்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அன்றிரவு அந்த எண்ணம் அசைந்தது. ஆனாலும் அந்த விடையை அக்காவுக்குச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அதைச் சொல்லும் உரிமை அந்த முதியவருக்கு இருந்தது; எங்களுக்கு இல்லை. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள்.

2019-ஆம் ஆண்டு அக்கா மூன்று மாத விசாவில் எங்களிடம் வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கெவலாருக்குப் போகவேண்டும். ஒல்லாந்து எல்லைக்கு அருகேயுள்ள அச்சிற்றூரின் மாதா திருத்தலத்திற்கு, 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில், விண்ணேற்பு விழாவையொட்டித் தமிழர் யாத்திரையாகச் செல்கின்றனர். ஆயிரக்கணக்கில் வருவோருள் இந்துக்களும் பலர். மடுவுக்குப் போகமுடியாதவர்கள் அங்கே மடுவைக் கண்டார்கள்.

கெவலாரின் தொடக்கமும் ஒரு வழிப்போக்கரின் கதைதான். ஊரூராய்ச் சென்று பொருள் விற்கும் எளிய வணிகர் என்றிக் புஸ்மான், 1641-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக்காலத்தில், வழியோரச் சிலுவை ஒன்றன் அருகே செபித்தபோது, அவ்விடத்தில் தமக்கொரு சிற்றாலயம் எழுப்புமாறு கூறும் குரலைக் கேட்டார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இலட்சம்பேர்க்குக் கோயில் கட்டும் வசதி அவருக்கில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் சேமித்து, வழியோரத்தில் ஒரு சின்னஞ்சிறு மாடம் கட்டினார். வழிச்சென்ற போர்வீரர் அவர் மனைவிக்கு விலைபேசிக் காட்டிய, துயருறுவோரின் ஆறுதலாகிய இலக்சம்பேர்க் மாதாவின் காகிதப் படமே 1642-ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாள் அதில் வைக்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அப்படத்தைச் சுற்றித்தான் இன்று பேராலயமும் ஊரும் நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை மாலையே கெவலாரை அடைந்து, வண்டிகள் தங்கும் புல்வெளியில் இடம் பிடித்தோம். காலையில் விழிக்கும்போது மரங்கள் தெரியட்டும் என்று வண்டியின் முகத்தை மரங்களின் பக்கம் வைத்து நிறுத்தினோம். அக்கா இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். வீதியைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார்.

"முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பி விடுங்கோ" என்றார்.

"ஏன் அக்கா?"

"எழும்பினவுடன வெளிக்கிடலாம்."

ஏன் எழும்பியவுடன் வெளிக்கிடவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். பிறகு அவர் உள்ளே ஏறி, எட்டாண்டாய் நாங்கள் சரிசெய்து சரிசெய்து அடுக்கியிருந்த அலமாரிகளைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். நீர்க்கலன் கதவருகே வந்தது. கைவிளக்கு தலைமாட்டுக்கு வந்தது. அரிசியும் தேநீர்த்தூளும் விசுக்கோத்தும் ஒரே பையிற் போயின. எங்கள் கடவுச்சீட்டுகளையும் வண்டியின் பத்திரங்களையும் கேட்டு வாங்கி, பொலித்தீன் உறையொன்றில் இட்டு, இருக்கையின் கீழே கைக்கெட்ட வைத்தார். "முதல் தேவைப்படுறதைக் கடைசியா ஏத்தவேணும்" என்றார். கால்மணி நேரத்தில் முடிந்தது. எட்டாண்டு உறைந்து கற்ற நாங்கள், வண்டியிற் குடியிருக்கத் தெரிந்த ஒருவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

இருட்டிய பின்னர், கேளாமலே சொல்லத் தொடங்கினார். 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் கதவு, நிலை, கூரைத்தகரம், தையல் இயந்திரம், நெல்மூடைகள், அவற்றின்மேல் பிள்ளைகள். தருமபுரத்தில் நிலைகளை இறக்கியது. விசுவமடுவில் தையல் இயந்திரம். புதுக்குடியிருப்பில் தகரம். மாத்தளனிற் பெட்டியையே விட்டது. ஒவ்வோரிடத்திலும் வண்டியை வீதியைப் பார்த்தே நிறுத்தியது. கடைசியிற் கையில் எஞ்சியவை செபமாலையும், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பொலித்தீன் பையுமே. யாரையும் பழிக்காமல், சந்தைக்குப் போய்வந்த கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார். நாங்கள் குறுக்கே பேசவில்லை. மேலெழுந்த கூரையின் கித்தானிற் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

கதை முடிந்ததும், "மாதாவும் இடம்பெயர்ந்தவதானே" என்றார்.

அது வெறும் ஆறுதல்மொழி அன்று, வரலாறு. ஒல்லாந்தர் காலத்துத் துன்பங்களின்போது, 1670-ஆம் ஆண்டில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. மடுத் திருத்தலம் அப்படித்தான் உண்டாயிற்று. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில், போர் மடுவைச் சூழ்ந்தபோது, குருக்கள் அதே திருவுருவத்தை வாகனத்தில் ஏற்றித் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றார்கள். ஆகஸ்டில் அன்னை திரும்பி வந்தார். வன்னி மக்கள் இடம்பெயர்ந்த அதே ஆண்டிலே அவர்களுடைய தாயும் இடம்பெயர்ந்தார். வாக்கு மனிதரானார் என்று சொல்லும்போது, நம்மிடையே கூடாரம் அடித்துக்கொண்டார் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லையே யோவான் நற்செய்தியாளர் எழுதினார் என்று மறையுரைகளிற் கேட்டிருக்கிறோம். கூடாரத்தை அழகான உவமையாகவே அதுவரை எண்ணியிருந்தோம். அது எந்நேரமும் பிடுங்கப்படக்கூடிய ஒன்று என்பதை நினைத்ததில்லை.

இஸ்ரயேல் மக்களுக்குக் கூடார விழா என்றொரு விழா கட்டளையிடப்பட்டிருந்தது. நல்ல வீடும் நிலமும் வாய்த்த பின்னரும், ஆண்டுக்கு ஏழு நாட்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து குடிலில் உறையவேண்டும். எகிப்திலிருந்து வந்த தங்கள் முன்னோர் அப்படி இருந்தார்கள் என்பதைத் தலைமுறைதோறும் அறியவேண்டும் என்பதே காரணம். அது மகிழ்ச்சிக்குரிய விழா, அழுகைக்குரியதன்று. விதியாக இருந்தது விழாவாக மாறுவது தவறன்று என்பதற்கு அக்கட்டளையே சான்று. ஆனால் நினைவு இல்லாமற் போனால் அது வெறும் விளையாட்டாகிவிடும். அக்கா 2011-இல் கேட்ட கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான். எங்கள் சட்டைப்பையிற் பூட்டிய வீடொன்றின் சாவி இருக்கிறது. அவர் பெட்டியின்மேல் இருந்தபோது அவரிடம் இருந்த சாவிக்குக் கதவு இல்லை. இரு வண்டிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அந்தக் கதவு. அதை மறந்து நாங்கள் பயணம் போகக்கூடாது.

மறுநாட் காலை எழுந்தபோது அக்கா படுக்கையை மடித்துவிட்டுத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். "நல்ல நித்திரை" என்றார். "உது நல்லாத் தைச்சிருக்கு" என்று கூரையைக் காட்டினார். அன்று தமிழ்த் திருப்பலியிலே பெருங்கூட்டம். சேலைகளும் வேட்டிகளும் தேவாலயச் சதுக்கத்தை நிறைத்தன. பவனியில் மூவரும் நடந்தோம். சிற்றாலயத்தின் சாளரம் வழியே அந்தச் சிறு படத்தைப் பார்த்ததும், "இவ்வளவுதானோ?" என்று அக்கா வியந்தார். பிறகு, "காணும்" என்றார்.

அக்கா ஊர் திரும்பினார். இப்போது கல்வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் எங்களை நலம் விசாரித்த பின்னர், "வண்டி சுகமோ?" என்றும் கேட்பார். துரு மீண்டும் இரண்டிடத்திற் தலைகாட்டியிருக்கிறது என்போம். "வெட்டி எறியுங்கோ, பாத்துக்கொண்டிருக்காதேங்கோ" என்பார்.

அந்த ஆகஸ்டுக்குப் பின்னர் எங்கே போனாலும் வண்டியைப் பின்புறமாகவே கொண்டுசென்று, வீதியைப் பார்த்தபடி நிறுத்துகிறோம். எங்கள் வீட்டுச் சுவரோரத்திலும் அது அப்படித்தான் நிற்கிறது. ஒடுங்கிய இடம், பின்னோக்கி ஏற்றுவது சிரமம். ஒவ்வொருமுறையும் ஒருவர் இறங்கிக் கைகாட்டவேண்டும். இதனைக் கண்ட அயலவர் ஒருவர், நேராக உள்ளே விட்டால் இலேசல்லவா என்று கேட்டார். "எழும்பியவுடன் வெளிக்கிடலாம்" என்றோம்.